தோட்டத்து மின்கருவிகளுக்கு மழையும் வெயிலும் தாங்கும் பிளாத்திக்குப் பெட்டி

சொட்டு நீர்ப்பாசனம் வரண்ட வலயத்துக் கமங்களிற் பரவியதோடு, திறந்த வெளியிலேயே நின்று தொழிற்படும் சிறு மின்கருவிகளும் கமக்காரரின் கைக்கு வந்துள்ளன. மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி, குறித்த நேரத்தில் வால்வைத் திறந்து மூடும் கருவி, கிணற்றின் நீர்மட்டத்தை அறிவிக்கும் கருவி என்பன இவற்றுட் சில. இவற்றை வாங்குவோர் கருவியின் விலையையும் திறனையும் நன்கு விசாரிக்கின்றனர். ஆனால், அக்கருவி எத்தகைய பெட்டியினுள் நிற்கப் போகின்றது என்பதைப் பெரும்பாலோர் விசாரிப்பதில்லை. வெளியில் வைக்கப்பட்ட கருவிகள் பழுதடைவது பெரும்பாலும் கருவியின் குறையாலன்று, பெட்டியின் குறையாலேயாகும்.

இப்பழுதினால் வரும் நட்டம் கருவியின் விலையோடு நின்றுவிடுவதில்லை. மிளகாய் பூக்கும் பருவத்தில் வால்வு சில நாட்கள் திறவாதிருப்பின் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிடும். வால்வு மூடாது நின்றுவிடின் தீங்கு வேறு வகையினது. வெங்காயப் பாத்தியில் நீர் தேங்கிக் குமிழ் அழுகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையில் நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்பதால், அளவுக்கு மிஞ்சி இறைக்கப்பட்ட கிணற்றில் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். ஒரு முறை உவரேறிய கிணறு மீண்டும் நன்னீராவதற்கு நல்ல மாரி வேண்டும். ஆகையால், ஒரு நாள் வேலையிற் செய்து முடிக்கக்கூடிய இப்பெட்டியைச் செவ்வனே செய்தல் கமக்காரரின் கிணற்றையும் பயிரையும் காப்பதாகும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இங்கு விவரிக்கப்படும் பெட்டி 12 அல்லது 24 உவோற்று மின்னிற் தொழிற்படும் கருவிகளுக்கு மட்டுமே உரியது. 230 உவோற்று வீட்டு மின்னை எக்காரணங் கொண்டும் இதனுள் கொண்டுவருதல் ஆகாது. மின்மாற்றி வீட்டினுள்ளோ பம்பி அறையினுள்ளோ இருத்தல் வேண்டும். அவ்விணைப்பைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரே செய்தல் வேண்டும்; ட்ரிப் சுவிச்சு என வழங்கும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பானும் அதில் இருத்தல் வேண்டும். ஈர மண்ணில் வெறுங்காலுடன் நிற்பவரே தோட்டத்து மின்கருவிகளைத் தொடுபவர் என்பதை மறத்தலாகாது.

நீர் உட்புகும் வழி

மழைநீர் மேலிருந்து ஒழுகியே பெட்டியினுட் செல்கின்றது என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தால் பலர் மூடியைச் சுற்றிப் பசை பூசி, பெட்டி முழுவதும் அடைபட்டுவிட்டதென நிறைவுறுகின்றனர். சில மாதங்களின் பின்னர் திறந்து பார்க்குமிடத்து, உள்ளே நீர் தேங்கிச் சுற்றுப்பலகை பச்சை பூத்திருக்கக் காண்பர். பூசிய பசையோ எங்கும் வெடித்ததாகத் தெரியாது.

காரணம் யாதெனில், அடைபட்ட பெட்டி மூச்சு விடுகின்றது. நண்பகல் வெயிலிற் பெட்டியினுள் வெப்பநிலை 60 பாகை செல்சியசை எட்டுதல் அரிதன்று. உள்ளிருக்கும் காற்று விரிந்து, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளூடாக வெளியேறும். பிற்பகலில் திடீரென இடிமழை பெய்தால் பெட்டி சில நிமிடங்களில் 25 பாகைக்குக் குளிர்ந்துவிடும். அப்பொழுது உள்ளே காற்றமுக்கம் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குறையும். இது ஒரு மீற்றர் உயரமான நீர்நிரலின் அமுக்கத்துக்குச் சமம். அதாவது, அந்நேரத்திற் பெட்டி ஒரு மீற்றர் ஆழ நீரில் அமிழ்த்தப்பட்டது போலவே இருக்கின்றது. மூடியின் விளிம்பில் தங்கி நிற்கும் மழைநீர் இடுக்கினூடாக உள்ளே உறிஞ்சப்படுகின்றது. உள்ளே வந்த நீர் அதே இடுக்கினால் எளிதில் வெளியேறுவதில்லை. மறுநாள் வெயிலில் அது ஆவியாகிப் பெட்டியெங்கும் பரவும். இரவிற் குளிர்ந்து சுற்றுப்பலகை மீதே துளிகளாக ஒடுங்கும்.

காற்றிலுள்ள நீராவியும் இவ்வாறே உட்செல்லுமாயினும் அதன் அளவு சிறிது. இரண்டரை இலீற்றர் கொள்ளும் பெட்டி ஒரு நாளிற் கால் இலீற்றர் இராக்காற்றை உள்ளிழுத்தால், அதனோடு செல்லும் நீராவி ஒரு துளியின் சிறு பங்கேயாம். ஆகவே அஞ்சவேண்டியது ஆவியையன்று. மூட்டுகளிலே தங்கிநிற்கும் நீரையே.

இதிலிருந்து பெட்டியின் அமைப்புப் பற்றிய விதி பெறப்படுகின்றது. மேற்புறமும் பக்கங்களும் மூட்டின்றி இருத்தல் வேண்டும். திறக்கும் வாயும் வடங்கள் புகும் துவாரங்களும் அடியிலேயே இருத்தல் வேண்டும். மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு மூச்சுத்துவாரம் விடப்படின் உள்ளமுக்கமும் வெளியமுக்கமும் சமமாகி, மூட்டுகளினூடாக நீர் உறிஞ்சப்படுதல் நீங்கும். தற்செயலாக உள்ளே சேர்ந்த நீரும் அவ்வழியே வடிந்துவிடும். கவிழ்த்து வைத்த பானையினுள் மழைநீர் புகாமை போன்றதே இது.

பிளாத்திக்கைத் தெரிதல்

கருவி வானொலி அலை மூலம் செய்தி அனுப்புவதாயின் உலோகப் பெட்டி உதவாது; அலைகளை அது தடுத்துவிடும். பிளாத்திக்கு அலைகளைத் தடுப்பதில்லை, துருப்பிடிப்பதுமில்லை. ஆனால் எல்லாப் பிளாத்திக்கும் வெயிலைத் தாங்குவதில்லை. சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்கள் பிளாத்திக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைத் துண்டிக்கின்றன. அதனால் அது முதலில் நிறம் மாறி, மேற்பரப்பு மாப் பூத்து, இறுதியில் விரலால் அழுத்தினாலும் உடையும் நிலையை அடைகின்றது.

ஐஸ்கிறீம் வாங்கி வந்த பெட்டியைக் கழுவி அதனுட் கருவியை வைப்போர் பலருளர். சிக்கனம் பாராட்டத்தக்கதே. எனினும் அப்பெட்டிகள் பெரும்பாலும் பொலிப்புரப்பிலீன் என்னும் பிளாத்திக்கினாலானவை. கழியூதாக் கதிர்களை எதிர்க்கும் பொருள் அவற்றிற் சேர்க்கப்படுவதில்லை. வெயிலில் அவை விரைவிலே வெடிக்கும். வானொலி முதலியவற்றின் கூடுகளுக்குப் பயன்படும் ஏ.பி.எஸ். என்னும் பிளாத்திக்கும் வீட்டினுள்ளே நெடுநாள் உழைக்குமாயினும் வெளியில் மஞ்சளாகி நொறுங்கும் இயல்புடையது. பொலிகாபனேற்றுப் பெட்டிகள் உறுதியானவை. அவற்றை வாங்குமிடத்து வெளிப்பாவனைக்குரியவை தாமா எனக் கேட்டறிதல் வேண்டும். கோழிக்கூட்டுக்கு அண்மையில் அவற்றை வைத்தலும், பெற்றோல், தின்னர் முதலியவற்றால் துடைத்தலும் ஆகா. எருவிலிருந்து எழும் அமோனியாவும் அக்கரைப்பான்களும் பொலிகாபனேற்றைக் கெடுத்து வெடிக்கச் செய்யும்.

விற்பனைப் பெட்டிகளில் ஐ.பீ. 65, ஐ.பீ. 67 எனக் குறித்திருப்பதைக் காணலாம். முதலிலக்கம் 6 தூசி புகாமையைக் குறிக்கும். இரண்டாம் இலக்கம் 5 ஆயின் பீச்சியடிக்கும் நீரையும், 7 ஆயின் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் அமிழ்த்துதலையும் தாங்கும் என்பது பொருள். இச்சோதனைகள் புதிய பெட்டிக்குச் செய்யப்படுபவை. அப்பெட்டி வெயிலில் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை இவ்விலக்கங்கள் கூறுவதில்லை. வாங்கியவர் தாமே வடத்துக்கெனத் துளையிட்ட பின்னர் அவ்விலக்கத்துக்கு மதிப்பு எஞ்சுமா என்பது அவர் இட்ட துளையைப் பொறுத்தது.

வீட்டிற் செய்துகொள்வதற்கு மிக ஏற்றது பீ.வீ.சீ. வடிகாற் குழாயாகும். கடினமானது, எல்லாக் கட்டடப் பொருட் கடைகளிலும் கிடைப்பது, ஒட்டுதற்கு எளிது, உருண்டை வடிவமாதலால் மேற்பரப்பில் நீர் தங்குவதில்லை. இதுவும் நாளடைவில் வெயிலால் வெளிறுமெனினும், மேலே வெள்ளைப் பூச்சுப் பூசப்படின் பல்லாண்டு நிற்கும்.

பெட்டி செய்தல்

வேண்டிய பொருட்களாவன: 110 மில்லிமீற்றர் பீ.வீ.சீ. குழாயில் 30 சதமமீற்றர் நீளத் துண்டொன்றும் வேறு 25 சதமமீற்றர்த் துண்டொன்றும், அதே அளவுள்ள முடிவு மூடிகள் இரண்டு, பீ.வீ.சீ. ஒட்டுப்பசை, வடங்களின் பருமனுக்கேற்ற நைலோன் கிளாண்டுகள், துருப்பிடிக்காத உருக்கினாலான சிறு திருகாணிகள், பழைய மோட்டார்ச் சைக்கிள் ரியூப் ஒன்று, நுண்ணிய உருக்கு வலைத் துண்டு ஒன்று.

நீண்ட துண்டின் இரு முனைகளையும் நேராக அறுத்து, பிசிரை அரத்தாளினால் தேய்த்து நீக்குதல் வேண்டும். குழாயையும் மூடியையும் சவர்க்கார நீரிற் கழுவி நன்கு உலர்த்தியபின், ஒரு மூடியின் உட்புறத்திலும் குழாயின் மேல் முனையிலும் ஒட்டுப்பசையைச் சீராகப் பூசி, மூடியைச் சிறிது திருப்பியவாறே முற்றாக அழுத்திப் பிடித்தல் வேண்டும். பசை இருமுகங்களையும் கரைத்து ஒன்றாக்குவதால் இம்மூட்டு இனி மூட்டாகாது. பசையின் ஆவி நீங்கும் பொருட்டு ஒரு நாள் முழுவதும் காற்றோட்டமான இடத்தில் வைத்த பின்னரே கருவியை உள்ளே வைத்தல் வேண்டும்.

மற்றத் துண்டு சுற்றுப்பலகையைத் தாங்கும் தட்டைச் செய்தற்குரியது. அதனை நெடுக ஒரு பக்கம் அறுத்துக் கொதிநீரில் இட்டால் சில நிமிடங்களில் இளகும். பீ.வீ.சீ. ஏறக்குறைய 80 பாகையில் இளகும் இயல்பினது. இளகியதைக் கொறட்டால் எடுத்து விரித்து, இரு பலகைகளுக்கிடையே பாரமேற்றி ஆறவிட்டால் தட்டையான தகடு கிடைக்கும். நெருப்பில் வாட்டுதல் தகாது, கருகும் பீ.வீ.சீ. மூச்சுக்குத் தீங்கான அமிலப் புகையை வெளிவிடும். இத்தகட்டிலிருந்து 8 சதமமீற்றர் அகலமும் 23 சதமமீற்றர் நீளமுங் கொண்ட ஒரு தட்டை வெட்டி, அதன் ஒரு முனையில் 3 சதமமீற்றரை மீண்டும் கொதிநீரில் அமிழ்த்தி, செங்கோணமாக மடித்தல் வேண்டும். மடித்த பாதத்தை இரண்டாம் மூடியின் உட்புறத்தில் ஒட்டுப்பசையால் ஒட்டினால், தட்டு மூடியின் மேல் நிமிர்ந்து நிற்கும். ஒட்டுமுன் கிளாண்டுகளுக்கும் மூச்சுத்துவாரத்துக்கும் இடம் விட்டுள்ளதா எனப் பார்த்துக்கொள்ளல் நன்று.

இவ்வாறமைத்தமையால் கருவி முழுவதும் அடிமூடியோடு சேர்ந்தே வெளிவரும். பழுது பார்ப்பவர் இருட்டான குழாயினுட் கைவிட்டுத் தடவவேண்டியதில்லை. திருகி மூடும் வகை மூடிகளும் கடைகளில் உண்டு. வடங்கள் புகும் மூடி அவ்வகையினதாயின், மூடியைத் திருகுந்தோறும் வடங்களும் முறுகி இணைப்புகள் அறுந்துவிடும். ஆதலின் அழுத்திச் செருகும் மூடியே இதற்கேற்றது.

அடிமூடியை ஒட்டுதல் கூடாது. அதனைக் குழாயிற் செருகி, விளிம்பினூடாக எதிரெதிரே இரு சிறு திருகாணிகளால் நிறுத்துதல் வேண்டும். இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மூடி குழாயை வெளிப்புறமாகக் கவ்வி மேல்நோக்கி நிற்பதால், குழாயின் வழியே வழியும் நீர் மூடியின் விளிம்பில் ஏந்தப்பட்டு இடுக்கினுள் இறங்கும். இதனைத் தடுத்தற்கே மோட்டார்ச் சைக்கிள் ரியூப். அதிலிருந்து 8 சதமமீற்றர் அகலமான வளையம் ஒன்றை வெட்டி, குழாயின் மீது இழுத்து ஏற்றி, மேற்பாதி குழாயையும் கீழ்ப்பாதி மூடியின் விளிம்பையும் திருகாணிகளையும் மூடி நிற்குமாறு அமைத்தல் வேண்டும். மேற்பாதியை உருக்குப் பட்டியால் இறுக்கிவிடின் நீர் விளிம்பைத் தாண்டி வெளியே சொட்டும். விலை கொடாத பொருளாயினும் பெட்டியில் இதைவிட முதன்மையான உறுப்பு வேறில்லை.

அடிமூடியின் நடுவில் 5 மில்லிமீற்றர் மூச்சுத்துவாரம் இட்டு, உட்புறமாக வலைத்துண்டை ஒட்டுதல் வேண்டும். வலையில்லாத துவாரம் எறும்புக்கும் குளவிக்கும் வாயிலாகும். கருவியின் இளஞ்சூட்டை நாடி வரும் சிற்றெறும்புகள் சுற்றுப்பலகையின் மீதே முட்டையிட்டுக் கூடு கட்டும்.

இத்துவாரம் உள்ளமையால் பெட்டியினுள் சிலிக்காஜெல் பொதியை இடுதல் வீணாகும். வெளிக்காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று அது சில நாட்களிலே தன் வலுவை இழந்துவிடும். முற்றாக அடைபட்ட பெட்டிக்கே அது உரியது. இப்பெட்டியிற் சுற்றுப்பலகையை ஈரக்காற்றிலிருந்து காத்தற்கு, மின்சுற்றுகளுக்கென விற்கப்படும் அக்கிரிலிக்குப் பூச்சினை இருமுறை மெல்லிதாகப் பூசுதல் வேண்டும். செருகு முனைகளிலும் ஆளிகளிலும் வெப்பமானி போன்ற உணரிகளிலும் பூச்சுப் படலாகாது.

வடங்கள்

உருண்டை வடத்தையே பயன்படுத்துதல் வேண்டும். தட்டை வடத்தைக் கிளாண்டின் வட்ட இறப்பர் முழுவதும் கவ்வாது. இரு பக்கமும் இடைவெளி நிற்கும். ஒரு கிளாண்டில் ஒரு வடமே செல்லலாம். வருங்காலத் தேவைக்கென இட்ட துளைகளை அடைப்பானால் மூடுதல் வேண்டும்.

வடம் பெட்டியிலிருந்து நேரே கீழிறங்கி, வளைந்து, மீண்டும் மேலேறித் தூணை அடையுமாறு ஒரு தொங்கல் விடப்படல் வேண்டும். வடத்தின் வழியே ஓடிவரும் நீர் தொங்கலின் அடியிற் சொட்டிவிடும். அடிமூடியைக் கழற்றிக் கீழே இழுத்தற்கு வேண்டிய நீளமும் இத்தொங்கலிலிருந்தே கிடைக்கும்.

நீர் வடத்தின் உள்ளாலும் செல்லும் என்பதைப் பலர் அறியார். பல இழைகள் கொண்ட வடத்தின் மறுமுனை ஈரமண்ணிலே திறந்து கிடப்பின், உறைக்கும் இழைகளுக்கும் இடையேயுள்ள நுண்வெளியால் நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிப் பெட்டியை அடையும். மண் ஈரமானியின் தலைப்பகுதியைப் பசையுள்ள சூட்டிற் சுருங்கும் குழாயினால் மூடியும், பலகையின் வெட்டு விளிம்புகளுக்குப் பூச்சிட்டும் இதனைத் தடுத்தல் வேண்டும். சிலிக்கோன் பசை பூச நேரின், வினாகிரி மணமுள்ள வகையை விலக்குதல் வேண்டும். அது உலரும்போது வெளிவிடும் அசற்றிக்கமிலம் செப்பை அரிக்கும். நடுநிலைச் சிலிக்கோன் எனக் குறித்த வகை தீங்கற்றது.

எலிகள் வடத்தைக் கடித்தல் தோட்டங்களில் வழமை. மண்ணிற் புதையும் பகுதியையும் தரைக்கு அண்மையான பகுதியையும் சிறு பீ.வீ.சீ. குழாயினுட் செலுத்துதல் நன்று.

வெயிலும் மின்கலமும்

குழாயின் வெளிப்புறத்தை அரத்தாளினால் இலேசாகத் தேய்த்து, நீரிற் கரையும் வெள்ளை அக்கிரிலிக்குப் பூச்சை இருமுறை பூசுதல் வேண்டும். அதன்மேலும் நிழல் வேண்டும். கூரைத் தகட்டுத் துண்டொன்றைப் பெட்டியினின்று 2 அல்லது 3 சதமமீற்றர் இடைவெளிவிட்டு மேற்குப் புறத்திலும் மேலும் அமைத்தால், இடையே காற்று ஓடி வெப்பத்தைக் கொண்டுசெல்லும். பெட்டியோடு ஒட்டிய தகடு நிழல் தருவதாகத் தோன்றினும் வெப்பத்தை உள்ளே கடத்தும். சூரியப்படல் உள்ள இடத்தில் அதன் கீழேயே பெட்டியைக் கட்டிவிடலாம்.

ஈய அமில மின்கலத்தைக் கருவியோடு ஒரே பெட்டியில் வைத்தல் பெருந் தவறாகும். மின்னேறும்போது அதிலிருந்து ஐதரசன் வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஐதரசன் சேர்ந்தாலே ஒரு சிறு பொறியில் வெடிக்கக்கூடும். வால்வை இயக்கும் ஆளி ஒவ்வொரு முறையும் அத்தகைய பொறியை உண்டாக்க வல்லது. அமில ஆவி செப்பையும் தின்றுவிடும். ஈய மின்கலத்தை மேலும் கீழும் காற்றோட்டமுள்ள தனிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். இலிதியம் மின்கலங்களில் இக்குறை இல்லையெனினும், பொதுவாக 45 பாகைக்கு மேல் அவற்றுக்கு மின்னேற்றலாகாது. நிழலற்ற பெட்டி நண்பகலில் அவ்வெல்லையைக் கடந்துவிடும்.

சோதனை

கருவியை வைக்குமுன் பெட்டியைச் சோதித்தல் வேண்டும். ஒரு தாளில் ஊற்றுப்பேனா மையாற் கோடுகள் இட்டு, தட்டிலே கட்டி, அடிமூடியைப் பூட்டி, நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்துதல் வேண்டும். நன்கு சூடேறியதும் கிணற்று நீரைப் பூவாளியால் மேலும் பக்கங்களிலும் கால் மணி நேரம் ஊற்றிப் பின் திறந்து பார்த்தல் வேண்டும். சிறிதளவு நீர் பட்டிருப்பினும் மை பரந்து காட்டும். சூடேற்றாது நீரூற்றிப் பார்க்கும் சோதனை பயனற்றது. உறிஞ்சுதல் நிகழ்வது சூடான பெட்டி குளிரும்போதே. மூன்று நாட்கள் இதனைச் செய்தும் கோடுகள் கலையாதிருப்பின் கருவியைப் பூட்டலாம்.

நாட்டுதலும் பேணலும்

தூண் கொங்கிரீற்றாகவோ நாகமுலாமிட்ட இரும்புக் குழாயாகவோ இருக்கலாம். மரத்தூண் கறையானுக்கு இரையாகும். பெட்டியில் துளையிடாது உருக்குப் பட்டிகளாலேயே கட்டுதல் வேண்டும். வெள்ளை நைலோன் கட்டுநாடாக்கள் வெயிலில் அறுந்து விழும். கறுப்பு நாடாக்கள் நெடுநாள் நிற்கும். தாழ்ந்த நிலங்களில் பெட்டியின் அடி, அயலவர் அறிந்த வெள்ள மட்டத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். 2008 நவம்பரில் நிஷா சூறாவளியோடு வந்த மழையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டங்கள் பல நீரில் மூழ்கின. அவ்வாண்டின் நீர்மட்டத்தை முதியோரிடம் கேட்டறிந்து தூணின் உயரத்தைத் தீர்மானிக்கலாம். உரக்கரைசல் தொட்டிக்கும் மருந்து தெளிக்கும் வழிக்கும் அருகில் வைத்தல் தகாது. உரவுப்பும் செப்புச் சேர்ந்த பூசணநாசினியும் இணைப்புகளை விரைவில் அரிக்கும்.

வாடைக்காற்றோடு மாரி தொடங்குமுன், புரட்டாதியில் ஒரு முறையும் மாரி கழிந்து மாசியில் ஒரு முறையும் பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். வலையிற் படிந்த தூசியைப் பழைய பற்றூரிகையால் நீக்கி, கிளாண்டுகளை விரலால் இறுக்கி, இணைப்புகளிற் பச்சை படர்ந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். இறப்பர் வளையத்தை இழுத்து விடும்போது வெடிப்புத் தோன்றின் உடனே மாற்றுதல் வேண்டும். வளையத்துக்கு வாசலீனோ இயந்திர எண்ணெயோ பூசுதல் கூடாது. அவை இறப்பரை ஊதச் செய்து இளக்கும். ஒரே ரியூப்பிலிருந்து பல வளையங்கள் வெட்டலாமாதலால், எஞ்சியவற்றை வெயில் படாத இடத்தில், பெட்டி நாட்டிய திகதி எழுதிய துண்டோடு சுற்றி வைத்துக்கொள்ளலாம்.